கிகுச்சி நோய்: சிறிய மருத்துவமனையில் இருந்தபடியே கண்டறிவது எப்படி?

இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் வருகிறார். பதினைந்து நாளாகக் கழுத்தின் ஒரு பக்கம் நெறி கட்டியிருக்கிறது, தொட்டால் வலி. சாயங்காலமானால் காய்ச்சல். இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. வெள்ளணுக்கள் 2,900. ஊசிப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘திசு அழிவு காணப்படுகிறது, டிபியாக இருக்கலாம்’ என்று ஒரே வரி. அன்றைக்கே டிபி மாத்திரை தொடங்குகிறார்கள். இரண்டு மாதத்தில் கட்டி கரைகிறது. மருந்து கேட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

அவருக்கு வந்தது கிகுச்சி நோய் என்றால், ஒரு மாத்திரைகூடப் போடாமலே அந்தக் கட்டி அதே இரண்டு மாதத்தில் கரைந்திருக்கும். இந்த நோயில் ஆட்களை ஏமாற்றுவது இதுதான். பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அந்த இடைவெளியில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். ஆகவே ‘மருந்து கொடுத்துப் பார்ப்போம், குறைந்தால் அதுதான் நோய்’ என்ற வழக்கமான கணக்கு இங்கே செல்லாது. மருந்துக்கு முன்னால் திசு கைக்கு வர வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்த ஒரு வேலைக்காகத்தான்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக

1972-இல் ஜப்பானில் கிகுச்சி, ஃபுஜிமோட்டோ என்ற இருவர் தனித்தனியாக இதை விவரித்தார்கள். அதனால் கிகுச்சி-ஃபுஜிமோட்டோ நோய் என்றும் சொல்வார்கள். நிணநீர் முடிச்சுக்குள் திட்டுத்திட்டாகத் திசு செத்துப்போகிறது, அந்தக் குப்பையை அள்ளித் தின்னும் ஹிஸ்டியோசைட் அணுக்கள் அங்கே குவிகின்றன. காரணம் உறுதியாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு தொற்றுக்கு உடலின் டி-அணுக்கள் அளவுக்கு மீறிப் பதில் கொடுப்பதால் வரலாம் என்பது பொதுவான கருத்து. ஆசியாவில் அதிகம் தெரிகிறது. நாற்பது வயதுக்குக் கீழ் உள்ள பெண்களிடம் கூடுதலாக வருகிறது, ஆண்களும் சிறுவர்களும் விலக்கு இல்லை. மற்றவருக்குத் தொற்றாது, புற்றுநோயும் அல்ல.

நம் ஊரில் கழுத்து நெறிக்கட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது டிபி. கண்டமாலை என்று பழைய வைத்தியர்கள் சொன்னதில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். அந்த நினைப்பில் தப்பில்லை, டிபிதான் பல மடங்கு அதிகம். ஆனால் டிபி அதிகம் என்பதாலேயே மற்ற எல்லாவற்றுக்கும் டிபி முத்திரை விழுகிறது. கிகுச்சி நோயாளி தேவையில்லாமல் ஆறு மாதம் கல்லீரலைத் தாக்கக்கூடிய மாத்திரைகளைச் சாப்பிடுகிறார். லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) நோயாளியோ அதே ஆறு மாதத்தை இழந்துவிடுகிறார். இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது.

முதல் படி: கையும் டேப்பும்

நோயாளியை உட்கார வைத்து, பின்னால் நின்று, இரண்டு கை விரல் நுனிகளாலும் கழுத்தைத் தடவிப் பாருங்கள். தலையை ஒரு பக்கம் திருப்பினால் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு தசை புடைக்கும். அதற்குப் பின்னால், தோள் வரை உள்ள முக்கோணப் பகுதிதான் கிகுச்சி விரும்பும் இடம். முடிச்சுகள் பெரும்பாலும் ஒரு பக்கமாக, 1 முதல் 2 செ.மீ அளவில், உறுதியாக, நகரக்கூடியவையாக, தொட்டால் வலிப்பவையாக இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகக் கிடப்பதும், சீழ் கட்டித் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வருவதும் டிபியின் பக்கம் சாய்க்கும் அடையாளங்கள். வலியே இல்லாமல், ரப்பர் போல, வாராவாரம் பெரிதாகிக்கொண்டே போனால் லிம்போமாவை நினைக்க வேண்டும்.

இவற்றை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. வலிக்காத கிகுச்சியும் உண்டு, வலிக்கும் டிபியும் உண்டு.

அளவைக் கண்ணால் சொல்லாதீர்கள். டேப்போ ஸ்கேலோ வைத்து இரு திசையில் அளந்து, ஒரு கழுத்துப் படம் கிறுக்கி, எந்த இடத்தில் எத்தனை முடிச்சு, எத்தனை மி.மீ என்று தேதியோடு எழுதுங்கள். நான்கு வாரம் கழித்து ‘குறைந்திருக்கிறதா?’ என்ற கேள்விக்கு அந்தப் படம்தான் பதில் சொல்லும். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்க்கும் புறநோயாளிப் பிரிவில் இது இல்லாவிட்டால் எல்லோரும் ஊகத்தில்தான் பேசுவார்கள்.

பிறகு அக்குள், இடுப்பு மடிப்பு, காரை எலும்புக்கு மேல் உள்ள குழி, மண்ணீரல், கல்லீரல். தொண்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். காரை எலும்புக்கு மேலே கட்டி இருந்தால் காத்திருக்கவே கூடாது, அது வேறு இடத்துப் புற்றுநோயின் முதல் தடயமாக இருக்கலாம். பின்கழுத்தில் கட்டியும் கூடவே ஒரு பக்கக் காது அடைப்போ மூக்கில் ரத்தமோ இருந்தால், மூக்கின் பின்பகுதியை ஈ.என்.டி. டாக்டர் பார்த்தாக வேண்டும். உடல் முழுக்க, குறிப்பாக அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொடை இடுக்கு ஆகிய இடங்களில், சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். அது ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக் காய்ச்சல்). டாக்சிசைக்ளினில் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். அதைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கேட்க வேண்டியவை: வீட்டில் யாருக்காவது டிபி உண்டா, எடை குறைந்ததா, இரவில் உடை நனையும்படி வியர்க்கிறதா, வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறாரா (அந்த மருந்தே நெறி கட்ட வைக்கும்), வீட்டில் பூனை கீறியதா. கூடவே முடி உதிர்தல், வாயில் புண், மூட்டு வலி, வெயிலில் போனால் முகம் சிவத்தல் ஆகியவற்றையும் கேளுங்கள். இந்தக் கடைசி நான்கும் லூபஸுக்காக, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்க்காக. கிகுச்சிக்கும் லூபஸுக்கும் உறவு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறோம்.

இந்தக் கட்டத்தில் கொடுக்கக் கூடாதவை

வலியும் காய்ச்சலும் பார்த்ததும் டெக்சாமெதசோன் ஊசி போடுவது ஊர்ப்புறத்தில் சாதாரணம். ஸ்டீராய்டு போட்டால் லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கும், அப்புறம் எடுக்கும் பயாப்ஸியில் நோய் தெளிவாகத் தெரியாமல் போகலாம். கிகுச்சியின் உருவமும் கலைந்துவிடும். திசு எடுக்கும்வரை ஸ்டீராய்டு வேண்டாம்.

அதே போல லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், லினசோலிட், அமிக்காசின் ஆகியவையும் வேண்டாம். இவையெல்லாம் டிபி கிருமியைப் பாதி அடிக்கும் மருந்துகள். கிருமி முழுதாகச் சாகாது, பரிசோதனையில் மட்டும் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். சாதாரணக் கிருமித் தொற்று என்று சந்தேகம் இருந்தால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் அல்லது செஃபலெக்சின் ஒரே ஒரு முறை, 7 முதல் 10 நாள் போதும். குறையவில்லை என்றால் ஆன்டிபயாடிக்கை மாற்றிக்கொண்டே போகாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: பக்கத்து லேபில் முடியும் சோதனைகள்

முழு ரத்த எண்ணிக்கையை மெஷின் எண்ணோடு நிறுத்தாமல், ஒரு ஸ்மியரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். கிகுச்சி நோயாளிகளில் கால்வாசி முதல் பாதிப் பேருக்கு வெள்ளணு குறைந்திருக்கும், கால்வாசிப் பேருக்கு உருமாறிய லிம்ஃபோசைட்டுகள் தெரியும். நெறிக்கட்டியோடு காய்ச்சலும் இருக்கும்போது வெள்ளணு ஏறாமல் இறங்கியிருந்தால், சாதாரணச் சீழ்த் தொற்றுக்கான வாய்ப்பு குறைகிறது. ஆனால் வெள்ளணு இறங்குவது டெங்குவிலும் உண்டு. மழைக்காலத்தில் பிளேட்லெட்டைப் பார்த்து, டெங்கு இல்லை என்று உறுதியான பிறகே இபுபுரோஃபென் மாதிரியான வலி மாத்திரை. அதுவரை பாராசிட்டமால் மட்டும். ஸ்மியரில் இளம் புற்றணுக்கள் தெரிந்தால் கதையே வேறு, அன்றைக்கே மேலே அனுப்புங்கள்.

ஈ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணு படியும் வேகம்), எல்.டி.எச். (அணுக்கள் சிதையும்போது ஏறும் என்சைம்), கல்லீரல் என்சைம்கள் ஆகியவை கிகுச்சியில் ஏறியிருக்கலாம், டிபியிலும் லிம்போமாவிலும் ஏறும். நோயைப் பிரித்துக் காட்டாது, ஆனால் தொடக்க அளவு எழுதி வைத்திருந்தால் பின்னால் ஒப்பிடலாம். எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸுக்கான சோதனை) இரண்டும் கட்டாயம். மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலோடு நடுமார்பு அகலத்தையும் பாருங்கள். சிறுநீரில் புரதம் பார்க்க ஒரு டிப்ஸ்டிக் போதும், லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் அதில் தெரியும். மாண்டூ எனும் டிபி தோல் சோதனை நேர்மறை என்றால் எப்போதோ டிபி கிருமி உடலுக்குள் வந்திருக்கிறது என்று மட்டும் பொருள். நம் ஊரில் பெரியவர்கள் பலருக்கு அது அப்படித்தான் இருக்கும். அதை வைத்து சிகிச்சை தொடங்கக் கூடாது.

அல்ட்ராசவுண்ட் கிடைத்தால் நல்லது. கிகுச்சியில் ஒரு பக்கமாகப் பல முடிச்சுகள், நடுத் தண்டு கெடாமல், சுற்றியுள்ள கொழுப்பு தடித்து வெள்ளையாகத் தெரியும். டிபியில் முடிச்சுக்கு உள்ளே நீர்த்த சீழ்க்குழி, ஒட்டிய கொத்து. எந்த முடிச்சைக் குத்துவது, எந்த முடிச்சை எடுப்பது என்று காட்டித் தருவதுதான் ஸ்கேனின் பெரிய பயன்.

மூன்றாம் படி: எஃப்.என்.ஏ.சி. (ஊசிப் பரிசோதனை)

இதில் நோயைவிட ஸ்லைடுதான் அதிகம் தோற்கிறது.

தயார் செய்ய வேண்டியவை: 23 அல்லது 24 கேஜ் ஊசிகள் மூன்று, 10 மி.லி சிரிஞ்ச், பென்சிலால் பெயரும் எண்ணும் எழுதிய சுத்தமான ஸ்லைடுகள் ஆறு, 95 சதவீத எத்தனால் நிரப்பிய வாய் அகன்ற ஜாடி, 1 மி.லி நார்மல் சலைன் உள்ள மூடியிட்ட ஸ்டெரைல் குழாய் ஒன்று. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், அதனால்தான் பென்சில். கை கழுவும் சானிடைசரும் காயம் துடைக்கும் ஸ்பிரிட்டும் இதற்கு ஆகாது. அவற்றில் நீர் அதிகம், அணுக்கள் ஊதிப்போகும்.

முடிச்சை இரு விரலுக்கு இடையில் அசையாமல் பிடித்து, ஊசியை உள்ளே செலுத்தி, வேறு வேறு கோணத்தில் வேகமாக ஐந்தாறு முறை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முதலில் உறிஞ்சாமலே குத்துவது நல்லது, ரத்தம் கலப்பது குறையும். ஒன்றும் வராவிட்டால் மட்டும் லேசாக உறிஞ்சவும். வெளியே எடுக்கும் முன் உறிஞ்சலை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பொருள் சிரிஞ்சுக்குள் ஏறி வீணாகும். நடுவில் செத்த திசு மட்டும் வந்தால் பயனில்லை, ஆகவே ஒரு முறை நடுவிலும் ஒரு முறை ஓரத்திலும் குத்துங்கள்.

துளியை ஸ்லைடில் விட்டு இன்னொரு ஸ்லைடால் மெதுவாக இழுங்கள். அழுத்தினால் லிம்ஃபோசைட்டுகள் நசுங்கி நூல் நூலாக நீளும். பாதி ஸ்லைடுகள் ஈரம் காயும் முன், இரண்டு மூன்று நொடிக்குள், ஆல்கஹாலில் இறங்க வேண்டும், குறைந்தது 15 நிமிடம் அதிலேயே கிடக்கட்டும். மீதிப் பாதியைக் கையால் விசிறி, காற்றில் உலர்த்தி, கீம்சா சாயத்துக்கு வைக்கவும். உலரும் ஸ்லைடுகளை ஃபார்மலின் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் ஆவி பட்டாலே கீம்சா சாயம் ஒழுங்காக ஏறாது. ஒரே பெட்டியில் பயாப்ஸி பாட்டிலையும் ஸ்லைடையும் போட்டு அனுப்புவதால் கெட்டுப்போகும் ஸ்லைடுகள் ஏராளம்.

கடைசியாக ஊசியையும் சிரிஞ்சையும் அந்த 1 மி.லி சலைனில் அலசுங்கள். இது டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் சோதனைக்கு. அரசு டிபி திட்டத்தில் இது இலவசம். அன்றே அனுப்புங்கள், முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வையுங்கள். ஃபார்மலின் ஒரு சொட்டுகூட இதில் படக் கூடாது. ஒரு ஸ்லைடு அமிலத்தில் கழுவினாலும் போகாத சாயத்துக்கு, அதாவது டிபி கிருமியை (ஏ.எஃப்.பி.) மைக்ராஸ்கோப்பில் பார்க்க.

சைட்டாலஜி (ஸ்லைடில் அணுக்களைப் படிக்கும் வேலை) பார்ப்பவர் தேட வேண்டியவை: பிறை வடிவ உட்கருவும் வயிற்றுக்குள் துண்டு துண்டான உட்கருக் குப்பையும் கொண்ட மாக்ரோஃபேஜுகள், பிளாஸ்மா அணு போன்ற தோற்றமுள்ள சிறு மோனோசைட்டுகள், பின்னணி முழுக்கச் சிதறிய குப்பை, கூடவே நியூட்ரோஃபில் (சீழணு) இல்லாமை. திசு செத்திருக்கிறது, ஆனால் சீழணு இல்லை, எபிதீலாய்டு கிரானுலோமாவும் (டிபியில் வழக்கமாகத் தெரியும் அணுத்திரள்) இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் கிகுச்சி என்று சொல்ல தைரியம் வர வேண்டும். ‘திசு அழிவு, ஆகவே டிபி’ என்று எழுதிவிடும் பழக்கத்தால்தான் முதலில் சொன்ன பெண்ணின் கதை திரும்பத் திரும்ப நடக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கிகுச்சியை ஊசியில் மட்டும் பிடிப்பது ஏறத்தாழப் பாதி நேரம்தான் முடியும். ஆகவே எஃப்.என்.ஏ.சி.யைச் சந்தேகத்தை வளர்க்கவும் டிபியைத் தேடவும் பயன்படுத்துங்கள். தீர்ப்பு பயாப்ஸிக்கு.

சி.பி.நாட் நேர்மறை என்றால் டிபி, சிகிச்சை தொடங்கலாம். எதிர்மறை என்றால் டிபி இல்லை என்று பொருளல்ல. நிணநீர் முடிச்சில் கிருமி எண்ணிக்கை குறைவு, சோதனை தவறவிடும். ‘ட்ரேஸ்’ என்று வந்தால், முன்பு டிபிக்கு மருந்து சாப்பிட்டவரா என்று கேளுங்கள். செத்த கிருமியின் மிச்சமும் அப்படிக் காட்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு கிரானுலோமா இல்லாமலே டிபி வரும், அவர்களிடம் மேலே சொன்ன மூன்று அடையாளக் கணக்கு செல்லாது.

நான்காம் படி: முடிச்சை முழுதாக எடுத்தல்

யாருக்கு? கட்டி 4 வாரத்துக்கு மேல் குறையாமல் இருப்பவர், 2 செ.மீ தாண்டியவர், காய்ச்சல் விடாதவர், ஊசிப் பரிசோதனை தெளிவில்லாதவர். காரை எலும்புக்கு மேல் கட்டி இருந்தாலோ எடை வேகமாகக் குறைந்தாலோ நான்கு வாரமும் காக்க வேண்டாம். ‘டிபி மாத்திரை தொடங்கிப் பார்க்கலாமா’ என்று யாராவது யோசிக்கும் அந்த நொடியே பயாப்ஸிக்கான நொடி என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த முடிச்சு? பெரியதும் புதிதாக வீங்கியதும். எளிதாக இருக்கிறதே என்று இடுப்பு மடிப்பிலிருந்து எடுக்காதீர்கள். செருப்பில்லாமல் நடக்கும் கால்களில் அங்கே எப்போதும் பழைய அழற்சி இருக்கும், ஒன்றும் சொல்லாது. சீழ் கட்டி முழுக்க மெத்தென்று ஆன முடிச்சையும் விடுங்கள்.

கிகுச்சி வரும் பின்முக்கோணத்தில்தான் ஸ்பைனல் ஆக்செசரி நரம்பு தோலுக்கு மிக அருகில், வெறும் ஒரு படலத்துக்கு அடியில் ஓடுகிறது. முன்பு சொன்ன கழுத்துத் தசையின் பின் ஓரத்தில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில் வெளிவந்து, சாய்வாக இறங்கி, காரை எலும்புக்குச் சுமார் 5 செ.மீ மேலே தோளைத் தூக்கும் ட்ரபீசியஸ் தசைக்குள் நுழைகிறது. இந்தக் கோட்டை அறுவைக்கு முன் தோலில் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். நரம்பு அறுந்தால் தோள் சரியும், கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் தூக்க முடியாது. தலை பின்னவும் தண்ணீர்க் குடம் தூக்கவும் முடியாமல் போகும் ஒரு இளம்பெண்ணுக்குத் தானாக ஆறும் நோய்க்கு இந்த விலை மிக அதிகம். அறுவைக்கு முன் இரு தோளையும் உயர்த்தச் சொல்லி, கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லிப் பார்த்துக் குறித்து வையுங்கள். அறுவை முடிந்ததும் மறுபடி பாருங்கள். முடிச்சு அந்தக் கோட்டின் மேல் ஆழமாக இருந்து, கை பழகிய சர்ஜன் இல்லை என்றால் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் சரி. அதே பக்கத்தில் கோட்டுக்கு விலகி வேறு முடிச்சு இருந்தால் அதை எடுக்கலாம்.

மரத்துப்போக லிக்னோகெய்ன்: அட்ரினலின் இல்லாமல் ஒரு கிலோவுக்கு 4.5 மி.கிராம்தான் உச்சம். 50 கிலோ எடை என்றால் 225 மி.கி, அதாவது 2 சதவீத மருந்தில் 11 மி.லி. சம அளவு சலைன் கலந்து 1 சதவீதமாக்கினால் பரவ விட வசதி. நரம்பு பக்கத்தில் இருப்பதால் மரத்துப்போகும்போதே தோள் சில மணி நேரம் தளரலாம், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

முடிச்சை ஃபோர்செப்ஸால் கவ்வாதீர்கள், சுற்றியுள்ள கொழுப்பைப் பிடித்துத் தூக்குங்கள். நசுங்கிய லிம்ஃபோசைட்டைப் பார்த்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. மின்கத்தியை உறைக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம். உறையோடு முழுதாக வெளியே வரட்டும்.

வெளியே வந்ததும் புதிய பிளேடால் நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தை இரண்டு மூன்று ஸ்லைடில் லேசாக ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு ஒரு பகுதியிலிருந்து பயறு அளவு துண்டு சலைனில், டிபி கல்ச்சருக்கும் சி.பி.நாட்டுக்கும். மீதி எல்லாம் ஃபார்மலினில்.

அந்தச் சிறு துண்டைச் சலைனில் போட மறப்பதுதான் அறுவை அரங்கில் மிக அதிகமாக நடக்கும் தவறு. முழு முடிச்சும் ஃபார்மலினில் விழுந்த பிறகு கல்ச்சர் செய்ய வழியே கிடையாது. அறுவைக்கு முன்பே இரண்டு பாட்டிலையும் லேபிள் ஒட்டி டிரேயில் வைத்துவிடுங்கள்.

ஃபார்மலினைச் சரியாகக் கலக்க: கடையில் கிடைக்கும் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு 100 மி.லி, காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்ஃபேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்ஃபேட் 6.5 கிராம். இதுதான் 10 சதவீத பஃபர்டு ஃபார்மலின். உப்பு சேர்க்காமல் நீர் மட்டும் கலந்தால் நாளாவட்டத்தில் அமிலமாகி, திசுவில் பழுப்பு நிறத் துகள்கள் படியும், பின்னால் செய்யும் இம்யூனோ சோதனையும் (அணுக்களின் வகையைச் சாயத்தால் பிரித்துக் காட்டுவது) கெடும். அளவு திசுவைப் போல் குறைந்தது பத்து மடங்கு. ஊசி மருந்துக் குப்பியில் திணித்து, மேலே இரண்டு மி.லி ஊற்றி அனுப்பினால் நடுப்பகுதி அழுகித்தான் போய்ச் சேரும். அந்த அழுகலைச் செத்த திசு என்று படித்துவிடவும் வாய்ப்புண்டு. வாய் அகன்ற பாட்டில் வேண்டும், ஏனென்றால் ஊறி இறுகிய முடிச்சு குறுகிய வாயில் வெளியே வராது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகட்டும்.

கூட அனுப்பும் படிவத்தில் ‘கழுத்து முடிச்சு, டிபியா பார்க்கவும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்: ‘24 வயது, பெண். இடது பின்கழுத்து, 5 முடிச்சுகள், பெரியது 22 மி.மீ, வலி உண்டு, 5 வாரம். காய்ச்சல் 3 வாரம். வெள்ளணு 2,900. எச்.ஐ.வி. இல்லை. சி.பி.நாட் எதிர்மறை. ஸ்டீராய்டு, டிபி மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கிகுச்சி, டிபி, லிம்போமா, லூபஸ் ஆகியவற்றைப் பிரித்துச் சொல்லவும்.’ கிகுச்சி என்ற சொல்லே படிவத்தில் இருப்பது ரிப்போர்ட்டை மாற்றும்.

ஐந்தாம் படி: ரிப்போர்ட்டைப் படித்தல்

உறுதியான கிகுச்சியில் முடிச்சின் பாராகார்டெக்ஸ் (டி-அணுக்கள் இருக்கும் இடம்) பகுதியில் திட்டுத் திட்டாகத் திசு அழிவு, உட்கருத் தூசு, பிறை வடிவ ஹிஸ்டியோசைட்டுகள், பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் அணுக்கள் இருக்கும், நியூட்ரோஃபில் இருக்காது, பிளாஸ்மா அணுக்கள் மிகக் குறைவு. மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் அணுக்கள் பெருகும் கட்டம், பிறகு திசு அழியும் கட்டம், கடைசியில் நுரை போன்ற ஹிஸ்டியோசைட்டுகள் நிறையும் கட்டம்.

தவறு நடப்பது முதல் கட்டத்தில். பெரிய பெரிய இம்யூனோபிளாஸ்ட் அணுக்களைப் பார்த்து லிம்போமா என்று எழுதிவிடும் ஆபத்து நிஜமானது. கீமோதெரபி என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரும் முன், இளம் வயது, வலியுள்ள பின்கழுத்து முடிச்சு, வெள்ளணுக் குறைவு என்ற மூன்றும் இருந்தால், இம்யூனோ சோதனை இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிகுச்சியில் டி-அணுக்களில் சி.டி.8 வகை மேலோங்கும். ஹிஸ்டியோசைட்டுகள் சி.டி.68-க்கும், வியப்பாக, மைலோபெராக்சிடேஸுக்கும் சேர்ந்தே சாயம் ஏற்கும். வழக்கமாக அந்த இரண்டாவது சாயம் நியூட்ரோஃபில் வரிசை அணுக்களுக்கு உரியது, அதனால் அது நல்ல துப்பு. பணம் குறைவு என்றால் சி.டி.3 (டி-அணு), சி.டி.20 (பி-அணு), சி.டி.68, மைலோபெராக்சிடேஸ் நான்கோடு தொடங்கலாம்.

இதற்கு நோயாளி பயணிக்க வேண்டியதில்லை. திசுவைப் புதைத்து வைத்த மெழுகு பிளாக் பயணிக்கும். குளிர்ப்பெட்டி தேவையில்லை, கூரியர் போதும். மெழுகு 56 முதல் 60 டிகிரிவாக்கில் உருகும், ஆகவே மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். மருத்துவக் கல்லூரி பத்தாலஜி துறைக்கு பிளாக்கும், ஒரு சாதாரணச் சாயமிட்ட ஸ்லைடும், மேலே சொன்ன படிவத்தின் நகலும் சேர்ந்து போகட்டும்.

லூபஸால் வரும் நெறிக்கட்டி மைக்ராஸ்கோப்பில் கிகுச்சி மாதிரியே இருக்கலாம். ஊதா நிற ஹெமடாக்சிலின் உருண்டைகளும் நிறைய பிளாஸ்மா அணுக்களும் தெரிந்தால் லூபஸ் பக்கம். தெரியாவிட்டாலும் லூபஸைத் தேடும் ஏ.என்.ஏ. ரத்தச் சோதனை எல்லோருக்கும் ஒரு முறை வேண்டும். நேர்மறை வந்தால் லூபஸை மேலும் உறுதிப்படுத்த டி.எஸ்.-டி.என்.ஏ., சி3, சி4 ரத்தச் சோதனைகள்.

உறுதியான பிறகு

பெரும்பாலோருக்கு வேண்டியது வலி நிவாரணம்தான். சாப்பாட்டுக்குப் பிறகு இபுபுரோஃபென் 400 மி.கி மூன்று வேளை அல்லது நாப்ராக்சென் 250 முதல் 500 மி.கி இரு வேளை. காய்ச்சல் பல வாரம் விடாமல் படுத்த படுக்கையாக்கினால் மட்டும், திசு ரிப்போர்ட் கையில் வந்த பிறகு, பிரெட்னிசலோன் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி எனத் தொடங்கிச் சில வாரங்களில் குறைக்கலாம். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுப்பதுண்டு, அதை ரூமட்டாலஜி (மூட்டு, லூபஸ் போன்ற நோய்களுக்கான) மருத்துவர் பார்வையில் செய்யட்டும்.

அரிதாக இது முரட்டுத்தனமாகத் திரும்பும். காய்ச்சல் தணியாமல், மூன்று வகை ரத்த அணுக்களும் சரிந்து, மண்ணீரல் பெருத்து, ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) பல ஆயிரமாக ஏறினால் ஹீமோஃபேகோசைட்டிக் சிண்ட்ரோம், அதாவது மாக்ரோஃபேஜுகள் கட்டுப்பாடின்றி ரத்த அணுக்களையே தின்னும் நிலை. ஃபெரிட்டின் சோதனை இல்லாத இடத்தில் ஒரு சின்ன துப்பு: நோயாளி மோசமாகிக்கொண்டே போக, ஏறியிருந்த ஈ.எஸ்.ஆர். மட்டும் திடீரென்று விழுவது. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் கரைவதால் அப்படி ஆகும். அதைக் குணமாகிறது என்று படித்துவிடக் கூடாது, ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய நேரம் அது. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பம் ஆகியவையும் அப்படியே.

ஏற்கெனவே டிபி மாத்திரை தொடங்கிவிட்ட ஒருவர் வந்தால், அவரையே நிறுத்திக்கொள்ளச் சொல்லாதீர்கள். பழைய ஸ்லைடையும் பிளாக்கையும் தேடி எடுத்து மறுபரிசீலனைக்கு அனுப்பி, கல்ச்சர் முடிவையும் வாங்குங்கள். திட கல்ச்சர் என்றால் 8 வாரம் வரை ஆகும். அதன் பிறகு மாவட்ட டிபி அலுவலரோடு பேசி எழுத்தில் முடிவு எடுக்கலாம். மாத்திரை சாப்பிடும்போதே டிபி முடிச்சு தற்காலிகமாகப் பெரிதாவதும் உண்டு என்பதால், வீக்கம் கூடியது என்ற ஒன்றை மட்டும் வைத்து டிபி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

பின்தொடர்தல்: முதல் மூன்று மாதம் மாதம் ஒரு முறை, டேப்போடும் பழைய படத்தோடும். நான்கு மாதம் ஆகியும் முடிச்சு சுருங்கவில்லை, அல்லது புதிதாக வேறு இடத்தில் வருகிறது என்றால், முதல் ரிப்போர்ட்டை நம்பி உட்காராமல் மறு பயாப்ஸி. அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு, லூபஸுக்கான கேள்விகளும் சிறுநீர் டிப்ஸ்டிக்கும், ஏனென்றால் கிகுச்சி வந்த சிலருக்குப் பின்னால் லூபஸ் வரலாம். நோய் திரும்புவது நூற்றில் மூன்று நான்கு பேருக்கு.

நோயாளி கையில் ஒரு சீட்டு கொடுத்து அனுப்புங்கள். அதில் நோயின் பெயர், பயாப்ஸி எண், பிளாக் இருக்கும் லேப், ஏ.என்.ஏ. முடிவு, சி.பி.நாட் மற்றும் கல்ச்சர் முடிவு, ‘டிபி மருந்து தரப்படவில்லை’ என்ற வரி. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், மூன்று வருடம் கழித்து மறுபடி நெறி கட்டும்போது, அங்கே உள்ள டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான். லேமினேட் செய்யச் சொல்லுங்கள்.